அண்ணியின் கடைவாய்ப் பல்

அண்ணி,

இன்று காலை சந்தைக்குப் போய்த் திரும்பும்போது, பெரிய தெருவில் சனம் கூடியிருந்ததால் பின்பக்கத்து ஒழுங்கையால் வந்தேன். அங்கே ஒரு வீட்டு முற்றத்தில் சாக்கு விரித்துக் கராம்பு காயப் போட்டிருந்தார்கள். வெயில் ஏறியிருந்தது. வாசனை ஒழுங்கை முழுவதும் நின்றது. மாத்தளையில் இதுவொன்றும் புதினமில்லை. ஆனால் எனக்கு அது கராம்பின் வாசனையாக வரவில்லை, உங்கள் வாயின் வாசனையாக வந்தது. பஞ்சில் கராம்புத் தைலம் தோய்த்துக் கடைவாயில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் கன்னத்தைத் தாங்கியபடி மற்றக் கையால் ரொட்டி தட்டுவீர்களே, அந்த வாசனை. மரக்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "என்னாங்க, தலை சுத்துதா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு நடந்தேன். கோபம் வருகிறது என்று முன்பின் தெரியாத ஒருவரிடம் எப்படிச் சொல்வது?

கோபத்துக்குக் காரணம் நேற்று நடந்தது. அண்ணன் கடையில் தம்புள்ளை லொறிக்காரர் ஒருவர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். பல்வலி என்று ஏதோ சொல்லியிருக்கிறார். அண்ணனுக்கு அது போதும். "நேரத்தோட காட்டிருங்க தம்பி. என் பொஞ்சாதி பல் டொக்டருக்குப் பயந்து பயந்தே செத்துப்போனவ. காலத்துல போயிருந்தா இன்னைக்கு இருப்பா" என்றார். அவர் கண்கள் கலங்கின. லொறிக்காரர் தலையை ஆட்டினார். நான் உள்ளே தையல் மெஷினில் இருந்தேன். மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டேன். ஊசி சட்டைக் கைக்குள் இறங்கியபடி நின்றது.

நீங்கள் போய் நான்கைந்து வருடங்களாகின்றன. அண்ணன் இந்தக் கதையை இன்னும் சொல்கிறார். ஊரும் அதையே நம்புகிறது. நடந்தது எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். அதனால்தான் உங்களுக்கே எழுதுகிறேன்.

எல்கடுவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து நீங்கள் எங்கள் வீட்டுக்குக் கல்யாணமாகி வந்தபோது எனக்குப் பதினாறு வயதிருக்கும். நீங்கள் சிரிக்கும்போது கையால் வாயை மறைப்பீர்கள். புதுப்பெண் வெட்கம் என்று நினைத்தேன். ஒருநாள் தேங்காய் துருவிக்கொண்டிருக்கும்போது நீங்களாகவே வாயைத் திறந்து காட்டினீர்கள். கீழ் வரிசையில் ஒரு பக்கம் ஒரு பல் இல்லை. அதற்குப் பக்கத்துக் கடைவாய்ப் பல் பாதி கறுத்துக் குழி விழுந்திருந்தது.

"இது சொத்தை. ஆனா இதைப் புடுங்கல. பக்கத்துல நல்லா இருந்ததைப் புடுங்கிட்டாங்க" என்றீர்கள்.

லயத்து வரிசை வீட்டில் இருந்த சின்ன வயதில் பல்வலி வந்து உங்களைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். மருந்து கொடுக்கும் ஐயாவுக்கு அன்று ஏதோ அவசரம். மரத்துப்போக ஊசி போடவில்லை. இரண்டு பேர் தோளையும் காலையும் அமுக்கிப் பிடித்தார்கள். நீங்கள் இந்தப் பல் இல்லை, இந்தப் பல் இல்லை என்று கத்தியிருக்கிறீர்கள். வாய்க்குள் குறடு இருக்கும்போது யாருக்கு அது விளங்கும்? வெளியே வந்தபோது நல்ல பல் போயிருந்தது, வலித்த பல் அப்படியே இருந்தது. உங்கள் அம்மா வேறு வழி தெரியாமல் தன் வெற்றிலைப் பையிலிருந்து போயிலைத் துண்டொன்றைக் கிள்ளிச் சொத்தைக்குள் வைத்தார். வலி அடங்கியது. "அன்னைக்கிருந்து போயிலைதான் எனக்கு டொக்டரு" என்று சொல்லிச் சிரித்தீர்கள், வாயை மறைக்காமல்.



பிள்ளை பிறந்து நடக்கத் தொடங்கிய சமயம் உங்கள் கன்னம் வீங்கியது. கண்வரைக்கும் வீக்கம். போயிலையும் கராம்புத் தைலமும் பலிக்கவில்லை. டவுனில் ஒரு பல் டொக்டர் இருந்தார், மாடியில், மரப்படி ஏறிப் போகவேண்டும். அண்ணன் கடையை விட்டு வர முடியாது என்று என்னை உங்களுடன் அனுப்பினார். படியில் பாதி ஏறியதும் மேலேயிருந்து அந்த மெஷினின் சத்தம் கேட்டது. பல் குடைய டொக்டர் காலால் மிதித்துச் சுற்றவிடும் மெஷின். என் தையல் மெஷின் போலவேதான் சத்தமும். நீங்கள் என் கையை உதறினீர்கள். திரும்பிப் பார்ப்பதற்குள் தெருவில் இறங்கியிருந்தீர்கள். பஸ் ஸ்டாண்டில் எல்கடுவைக்குப் புறப்பட நின்ற சிவப்பு பஸ்ஸில், யன்னலோரத்தில், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு இருந்தீர்கள். கெஞ்சி இறக்கிக் கூட்டி வந்தேன்.

அண்ணன் அதைக் கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் சொன்னார். "பல்லைக் காட்டப் போனவ பஸ்ஸைப் புடிச்சிட்டா!" எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தீர்கள். கை நின்றது. பிறகு மறுபடியும் களைந்தீர்கள்.

அடுத்த நாள் நான் உங்களை டொக்டரிடம் கூப்பிடவில்லை. சும்மா நடந்துவிட்டு வருவோம் என்றேன். மரப்படி வரைக்கும் போனோம், திரும்பி வந்தோம். பிறகு ஒருநாள் மேலே ஏறி வாசல் வாங்கில் கொஞ்ச நேரம் இருந்தோம். மெஷின் சத்தம் வந்தபோது நீங்கள் என் முழங்கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. "பேசு தங்கச்சி, எதையாவது பேசு" என்றீர்கள். நான் எதிரே நின்ற ஒரு சிங்கள அம்மாவின் ஜாக்கெட் எப்படி வெட்டித் தைத்தது என்று, கழுத்திலிருந்து கை வரைக்கும் விவரமாகச் சொன்னேன். நீங்கள் கேட்டுக்கொண்டே மூச்சு விட்டீர்கள். ஓடவில்லை.

அப்போதிருந்த டொக்டர் வயதானவர். சிங்களத்தில் மெதுவாகப் பேசுவார். நீங்கள் கதிரையில் உட்காரும் முன் என்னைக் கேட்கச் சொன்னீர்கள்: "நான் கையைத் தூக்கினா நிப்பாட்டுவாரான்னு கேளு." கேட்டேன். அவர் உங்களைத்தான் பார்த்தார், என்னையல்ல. "எந்தப் பல் என்று நீயே தொட்டுக் காட்டு. கையைத் தூக்கினால் நிறுத்துவேன்" என்றார். ஊசி போட்டார். குறடு உள்ளே போனதும் நீங்கள் கையைத் தூக்கினீர்கள். அவர் நிறுத்தினார். குறடை வெளியே எடுத்துக் காட்டிவிட்டுக் காத்திருந்தார். அவ்வளவுதான், அண்ணி. ஒரு மனிதர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பிறகு நீங்கள் கையைத் தூக்கவேயில்லை.

வீட்டுக்கு வரும்போது வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு, இரத்தம் ஊறிய உதட்டோடு, தெருவில் போகிறவர்களையெல்லாம் பார்த்துச் சிரித்தீர்கள். கல்யாணத்தன்றுகூட உங்கள் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் பார்க்கவில்லை. "முடிஞ்சிருச்சு" என்று அண்ணனிடம் சொன்னீர்கள். அவர் சில்லறையை எண்ணிக்கொண்டே, "இதுக்கா இந்தக் கூத்து?" என்றார்.

பல் போனது. போயிலை போகவில்லை. அத்தனை வருடப் பழக்கம். வெற்றிலையோடு சேர்த்து அதே கன்னத்துக்குள் அடக்கி வைப்பீர்கள்.

மாவுத் தட்டுப்பாட்டில் பாண் வாங்க விடியுமுன்னே வரிசையில் நின்ற காலம் நினைவிருக்கிறதா? மாவில்லாமல் கடையில் ரொட்டி போட முடியாமல் அண்ணன் எரிந்து விழுந்துகொண்டிருந்தார். அந்த நாட்களில்தான் ஒரு காலை நீங்கள் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு, விளக்கைக் கிட்டப் பிடிக்கச் சொன்னீர்கள். கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு தழும்பு, நடுவில் புண். "காரம் பட்டா உயிர் போகுது. ஆறவே மாட்டேங்குது. டொக்டர்கிட்ட போவோமா?" என்றீர்கள்.

நான் உங்களைக் கூப்பிடவில்லை. நீங்கள்தான் என்னைக் கூப்பிட்டீர்கள். இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்!

பழைய டொக்டர் இல்லை. அதே மாடி, அதே கதிரை, வேறொரு இளம் டொக்டர். உங்கள் கைகள் நடுங்கின. ஆனாலும் படியேறினீர்கள், கதிரையில் உட்கார்ந்தீர்கள், வாயைத் திறந்தீர்கள். அவர் கரண்டியால் கன்னத்தை இழுத்தபோது வலியில் கையைத் தூக்கினீர்கள். "கையைக் கீழே போடு!" என்று அதட்டினார். ஒரு பார்வைதான். "வெற்றிலை போட்டுப் போட்டுப் புண்ணாகியிருக்கிறது. கொப்பளித்துவிட்டு மருந்து பூசு" என்று சொல்லி ஒரு நீல மருந்தை எழுதிக் கொடுத்தார்.

நீங்கள் அன்றைக்கே வெற்றிலையை விட்டீர்கள். மருந்தைப் பூசினீர்கள். உதடெல்லாம் நீலம். பிள்ளை பார்த்துச் சிரித்தாள். புண் ஆறவில்லை. அடுத்த மாதம் மறுபடி போனோம். இந்தமுறை அந்த டொக்டர் வாய்க்குள் சரியாகப் பார்க்கவுமில்லை. உங்கள் நடுக்கத்தைத்தான் பார்த்தார். பக்கத்தில் நின்ற பெண்ணிடம் சிங்களத்தில், "இவளுக்கு வாயில் ஒன்றுமில்லை. பயம்தான் வியாதி" என்று சொல்லிச் சிரித்தார். மாத்தளையில் இத்தனை வருடம் இருந்த உங்களுக்குச் சிங்களம் விளங்காதென்று நினைத்தாரோ என்னவோ.

"டொக்டர், விரலை விட்டு ஒருக்கா அமுக்கிப் பாருங்க, உள்ளே கட்டியா இருக்கு" என்று நான் சிங்களத்தில் சொன்னேன்.

"நீ டொக்டரா, நான் டொக்டரா?" என்றார்.

படியிறங்கினோம். கீழே வந்து, "நான் நடுங்காம இருந்திருந்தா பார்த்திருப்பாரோ?" என்று கேட்டீர்கள். அந்தக் கேள்விக்காக அந்த மனிதனை நான் மன்னிக்கமாட்டேன்.

கண்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று அண்ணனிடம் எத்தனை தரம் சொன்னேன். "டொக்டரே ஒண்ணும் இல்லேங்கிறாரு. பயந்தாங்கொள்ளிக்குப் புண்ணு பெருசாத்தான் தெரியும்" என்றார். கடையை மூட முடியாதாம். கழுத்தில் கட்டி எழும்பி, விரல் நுழையும் அளவுக்குக்கூட உங்கள் வாய் திறக்காமல் போன பிறகுதான் கடை மூடப்பட்டது.

கண்டியில் பார்த்த டொக்டர் நல்ல மனிதர். கழுத்துக் கட்டியை மெதுவாகத் தொட்டுப் பார்த்தார். முகம் மாறியது. "ஏன் இவ்வளவு காலம் காட்டாமல் இருந்தீர்கள்?" என்று கேட்டார்.

நான் வாயெடுக்குமுன் அண்ணன் முந்திக்கொண்டார். "பயம் சேர். பல் டொக்டர்னாலே ஓடிருவா. ஒருக்கா பஸ்ல ஏறியே ஓடிட்டா."

நீங்கள் கையைத் தூக்கினீர்கள். பேச முடியாது, கையைத்தான் தூக்கினீர்கள். டொக்டர் வலிக்கிறதென்று நினைத்து விரலை எடுத்துக்கொண்டார். அண்ணன் நிறுத்தவில்லை. பஸ்ஸில் ஏறிய கதையை முழுதாகச் சொல்லி முடித்தார். "இல்லைங்க டொக்டர், ரெண்டு தரம் போனோம்" என்று நான் சொன்னபோது டொக்டர் ஏற்கெனவே மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதத் தொடங்கியிருந்தார்.

மகரகமையில் நீங்கள் பட்டதை எழுதமாட்டேன். அது உங்களுக்குத் தெரியும்.

கருமாதியன்று எல்கடுவையிலிருந்து உங்கள் சனமெல்லாம் வந்திருந்தது. சாப்பாட்டுக்கு முன் பேச்சு வந்தது. "சின்னதிலயே பயம் அவளுக்கு" என்றார் உங்கள் பெரியப்பா. "அந்தப் பயம்தான் கொண்டுபோயிருச்சு" என்றார் இன்னொருவர். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு அழுதார். நான் எழுந்து நின்றேன். "அண்ணி போனாங்க. அவங்களாத்தான் என்னைக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. பார்க்கவேண்டியவன் பார்க்கல" என்றேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "சாவு வீட்டுல சத்தம் போடாதே, உட்காரு" என்றார் அண்ணன். உட்கார்ந்தேன். இலை போட்டார்கள்.

அண்ணன் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. அவர் அதை நம்புகிறார். நம்பாவிட்டால், நான் கண்டிக்குப் போவோம் என்று கேட்ட ஒவ்வொரு நாளையும் அவர் நினைத்துப் பார்க்கவேண்டி வரும். உங்கள் பயம் அவருக்கு வசதியாக இருக்கிறது. அந்த டொக்டருக்கும் அப்படித்தான் இருந்தது. உங்களைப் பிடித்து அமுக்கிய அந்த டிஸ்பென்சரி ஐயாவின் பெயரை யாரும் கேட்பதே இல்லை. அவர் வயதாகி, பென்ஷன் வாங்கிக்கொண்டு, எங்கேயாவது பேரப்பிள்ளைகளோடு இருப்பார்.

உங்கள் மகள் இப்போது தாவணி போடுகிறாள். போன மாதம் அவளுக்குப் பல்வலி. அண்ணன் அவளிடம், "அம்மா மாதிரி பயந்து சாகாதே" என்றாராம். அடுப்படியில் என்னிடம் வந்து, "அம்மா அவ்வளவு கோழையா அத்தை?" என்று கேட்டாள். அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அழுதாள். பிறகு, "அப்பாகிட்ட நான் கேட்கவா?" என்றாள். கேட்காதே என்று நான் சொல்லவில்லை. அவள் இன்னும் கேட்கவில்லை.

நான் அண்ணனுக்குச் சோறு போடுகிறேன், சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுக்கிறேன். முகம் கொடுத்துப் பேசுவதில்லை. காலம் போனால் ஆறிவிடும் என்று கோயிலில் பார்க்கிறவர்கள் சொல்கிறார்கள். ஆறவேண்டாம் என்றுதான் இருக்கிறேன். இந்தக் கோபமும் ஆறிவிட்டால், உங்களைப் பற்றி மிஞ்சப்போவது அண்ணன் சொல்லும் கதை மட்டும்தான்.

நீங்கள் பயந்தவர்தான், அண்ணி. இல்லையென்று நான் சொல்லமாட்டேன். பயந்து, நடுங்கி, வேர்த்து, என் கையை நகத்தால் கீறிக்கொண்டு அந்தப் படிகளில் ஏறினீர்கள். ஏறினீர்கள் என்பதைச் சொல்ல இந்த ஊரில் நான் ஒருத்திதான் இருக்கிறேன். கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லிக்கொண்டிருப்பேன்.