ஒன்றுக்கு அடுத்தது பத்து

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவன் கருணையால் இங்கே நாங்கள் நாலு பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, சுகமாக இருக்க வேண்டும் என்று இரண்டு வேளையும் வேண்டிக்கொள்கிறேன். உடம்பைத் தவிர மற்றதில் சுகமில்லை, அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். போனில் சொன்னால் நீ பாதியில் புகுந்து எனக்குப் பாடம் எடுப்பாய், காகிதத்துக்குள் புகுந்து பேச முடியாது பார். போன செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு நம் முன்னறையில் இருந்தவர்கள் இவர்கள்: நல்ல நாற்காலியில் கல்வி அலுவலர், ஆடுகிற நாற்காலியில் அவரோடு வந்த கண்ணாடி போட்ட எழுத்தரம்மா, ஜன்னலோரம் அரை நாள் விடுப்புப் போட்டு நின்ற உன் அப்பா, பாயில் உன் தங்கை, நம் வாயாடி வக்கீலம்மாவும், உன் தம்பி, நாம் பூனை என்று கூப்பிடுகிற சின்னவனும், சமையலறை வாசலில் நான். மேசைமேல் நீ சரித்திரப் பாடங்களை ஏற்றி அனுப்பிய பேசும் பெட்டி. இல்லாதவள் நீ ஒருத்திதான், ஆனால் அன்றைக்கு எல்லார் வாயிலும் விழுந்தவளும் நீதான்.

பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துப் படிக்கவைப்பது சரியாக நடக்கிறதா என்று பார்க்க வந்தார்கள். கணக்கை நன்றாகவே போட்டார்கள், அதை நான் சொல்லிக்கொடுத்தேன். வாசிப்பும் பழுதில்லை. பிறகு சரித்திரம். அது உன் பெட்டியின் பொறுப்பு அல்லவா, நான் பாட்டுக்குத் துணியை மடித்துக்கொண்டே கேட்டேன். அந்தக் கோட்டை ராஜாவைப் பற்றிச் சொல்லும்மா என்றார் அலுவலர். வக்கீலம்மா எழுந்து நின்று, ராஜா பிறந்தார், நாற்பது நாள் முற்றுகையில் மாட்டிக்கொண்டார், சண்டையில் வலது கை போயிற்று, செத்துப்போனார், எதிரி வந்து பாலத்தை எரித்தான், அதற்கப்புறம் ராஜாவுக்கு முடிசூட்டினார்கள், கொஞ்ச நாள் கழித்துக் கல்யாணம், பிறகு இரண்டு கையாலும் கல் தூக்கிப் பாலத்தைக் கட்டினார் என்று மூச்சு விடாமல் ஒப்பித்தாள். செத்தவருக்கா முடிசூட்டினாங்க என்று அவர் கேட்க, இவள் கொஞ்சமும் அசராமல், அவர் வேற இவர் வேற சார், ஒரே பேர்ல ரெண்டு பேர், பேரன்னு வெச்சுக்குங்களேன் என்றாள். முற்றுகையில இருந்த ராணி, அப்புறம் கல்யாணமான ராணி, ரெண்டு பேர் பேரும் ஒண்ணாத்தானே இருக்கு என்றார் அவர். அதற்குப் பூனை பாயிலிருந்தபடியே, அந்தக் காலத்துல பேருக்குப் பஞ்சம் சார் என்றான். எழுத்தரம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்புதான், அழுகை இல்லை.

பதிவு ஏதாவது உண்டா என்று கேட்டார். என்னிடமா இல்லாமல் போகும். முதல் நாளிலிருந்து ஒரு நோட்டில், தேதி, பெட்டியின் கண்ணாடியில் தெரிந்த பாட எண், எத்தனை நிமிஷம், யார் கேட்டார்கள், யார் நடுவில் தூங்கினார்கள் என்று ஒரு நாள் விடாமல் எழுதியிருக்கிறேன். பெருமையாகவே கொடுத்தேன். அவர் விரலை வைத்துக் கீழே இறக்கிக்கொண்டே போய், அம்மா, ஒண்ணுக்கு அடுத்தது பத்தா என்றார். ஒன்று, பத்து, பதினொன்று, பன்னிரண்டு, இப்படியே பத்தொன்பது, அப்புறம் இரண்டு, அப்புறம் இருபது. எழுத்தரம்மாதான் விளக்கினாள், பெட்டிக்கு எண்ணத் தெரியாதாம், முதல் இலக்கத்தைப் பார்த்து அடுக்குமாம், ஏற்றும்போதே ஒன்றுக்கு முன்னால் ஒரு பூஜ்யம் போட்டிருந்தால் ஒழுங்காக வந்திருக்குமாம். ஊரிலுள்ள கம்பெனிக்கெல்லாம் கணினி சரிபண்ணிக் கொடுக்கிறவளே, உன் சொந்தத் தம்பி தங்கைக்கு ஒரு பூஜ்யம் போட உனக்குக் கை வரவில்லையா? உன் அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, மூணு மாசமா நம்ம வீட்ல பொணத்துக்கு முடிசூட்டியிருக்கோம் என்றார். அவர் வாயைத் திறப்பதே அபூர்வம், திறந்தால் இப்படி.

நீ கேட்பாய், எண்ணைத் தினமும் எழுதினவளுக்குத் தெரியவில்லையா என்று. தெரிந்ததடி. இரண்டாம் நாளே தெரிந்தது. பெட்டி வந்த அன்று நீ போனில் என்ன சொன்னாய்? அம்மா நீ ஒண்ணும் பண்ணாதே, அது எந்த வரிசையில போடுதோ அப்படியே கேக்க விடு, உனக்குத் தோணினபடி எதையும் மாத்திவெக்காதே என்றாய். சரி, பெரிய படிப்பு முன்னே பின்னேதான் போகும்போல, ஐந்தாம் வகுப்போடு நின்ற நமக்கு என்ன தெரியும் என்று வாயை மூடிக்கொண்டு பத்து என்று எழுதினேன். உன் புத்தி ஒரு பக்கம் என்றால் என் புத்தி மறு பக்கம், அதையும் சேர்த்தே எழுதுகிறேன், மறைக்கவில்லை. பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. ஏன் இப்படி என்று அவர்களுக்கும் தோன்றத்தான் செய்திருக்கிறது, கேட்க ஆள் இல்லாததால் தாங்களே ஒரு பேரனை உண்டாக்கிக்கொண்டார்கள். கையை உயர்த்தினால் பெட்டிக்குள் பேசுகிற உன் வாத்தியார் நிற்பானா? அவன் பாட்டுக்குத் தேன் தடவின குரலில், சண்டைக்கு முன்னால் ஒரு பெருமூச்சு, சாவுக்கு முன்னால் இரண்டு பெருமூச்சு, பின்னால் முரசு சத்தம் என்று போய்க்கொண்டே இருப்பான். சரித்திரம் தங்கியதோ இல்லையோ பெருமூச்சு நன்றாகத் தங்கிவிட்டது, பாத்திரம் கழுவச் சொன்னால் வக்கீலம்மா அந்தக் குரலிலேயே பெருமூச்சு விடுகிறாள்.

அலுவலர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் கறாராகச் சொல்லிவிட்டார், இருபத்தெட்டாம் தேதி மறுபடி வருவாராம், அன்றைக்கும் திருப்தி இல்லையென்றால் இரண்டு பேரையும் பள்ளியில் சேர்த்தே ஆகவேண்டுமாம். எந்தப் பள்ளி என்று உனக்குத் தெரியும், சிமெண்டுக் கிடங்குக்கு ஒட்டின பள்ளி. போன வருஷம் அங்கே போய்த்தானே பூனைக்கு இழுப்பு வந்து, ஒரு மாதம் உட்கார்ந்தபடியே தூங்கினான். இப்போது ஏழு மாதமாக ஒரு தடவை வரவில்லை, அதுவும் என் நோட்டில் இருக்கிறது. அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது, அவர்கள் போனதும் என்னிடம் வந்து, நான் அந்தப் பஞ்சம்னு சொன்னதாலதான் கோவமாம்மா என்று கேட்டான். இல்லடா ராஜா, நீ ஒருத்தன்தான் அங்கே உருப்படியா பேசினே என்றேன்.

அன்றைக்கே பெட்டியை என் கைக்கு எடுத்துக்கொண்டேன். எண்ணைத் தேடித்தேடி ஒன்று, இரண்டு, மூன்று என்று நானே போடுகிறேன், பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நிறுத்திக் கேள்வி கேட்கிறேன். நீ வாத்தியாரா போலீஸாம்மா என்கிறாள் உன் தங்கை. ஒழுங்காக அடுக்கினாலும் அந்தக் கதையில் ஓட்டை இருக்கிறது, கேள். கோட்டைக்குள் பதினெட்டாயிரம் பேர் நாற்பது நாள் இருந்தார்கள் என்கிறான், என்ன சாப்பிட்டார்கள், யார் சமைத்தார்கள், தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று மூச்சு விடவில்லை. பெருமூச்சுக்கு மட்டும் நேரம் இருக்கிறது. ஆளுக்கு இத்தனை பிடி தானியம் என்று மூன்று பேரும் உட்கார்ந்து பெருக்கிப் பார்த்தோம், ஒரு மூட்டைக்கு எத்தனை பிடி என்று தெரியாமல் பூனை நம் அரிசி டப்பாவையே கவிழ்த்து எண்ணினான். அலுவலர் வந்து கேட்டால் ராஜாவைச் சொல்வார்களோ இல்லையோ, மூட்டைக் கணக்கைச் சொல்வார்கள்.

ஆனால் அது மட்டும் போதாது. விண்ணப்பத்தில் கற்பிப்பவர் என்ற கட்டத்தில் உன் பெயரைப் போட்டு வைத்திருக்கிறாய். இவங்க எங்கே என்று கேட்டார், உன் அப்பா வாசல் பக்கமாகக் கையைக் காட்டினார், அத்தனை தூரத்திலிருந்தா என்று அவர் அதன்மேல் சிவப்பில் ஒரு கோடு இழுத்துவிட்டார். கற்பிப்பவர் இந்த வீட்டில் இருக்கிறவராக இருக்க வேண்டுமாம், மாற்றுவதற்கு ஏற்கெனவே பெயர் கொடுத்தவள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டுமாம். அப்பாவுக்கு வேலைக்குப் போகவே நேரம் சரி. அதனால் என் பெயரைப் போடு. படிப்பு என்ற கட்டத்தில் ஐந்தாம் வகுப்பு என்றே எழுது, அம்மாவுக்கு அவமானம் என்று ஒன்றைக்கூட ஏற்றிப் போடாதே, ஒன்பது என்று போட்டுவிட்டு அவர் கேட்கும்போது நான் முழிக்க முடியாது. அந்தக் கட்டத்தைப் பார்த்து அவர் என்னை வேண்டாம் என்று சொன்னாலும் சொல்லலாம். அதை அவர் வாயால் சொல்லட்டும், நாமே முன்கூட்டிச் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

திட்டினேன் என்று சாப்பிடாமல் இருக்காதே. குளிர் என்கிறாய், காதை மூடிக்கொண்டு வெளியே போ. நீ பிள்ளைகள்மேல் உள்ள ஆசையில் செய்தாய், அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆண்டவன் உன்னையும் உன் வேலையையும் காப்பாற்றட்டும், எல்லா நலமும் உன் வாசல் தேடி வரட்டும். மாற்றும் படிவத்தைக் கூடவே வைத்திருக்கிறேன், கையெழுத்து இரண்டு இடத்தில். இருபத்தெட்டுக்கு முன்னால் என் கைக்கு வர வேண்டும், கிடைத்த அன்றே பதில் போடு.

இப்படிக்கு,
உன் அம்மா