மாஸ்டரின் விமர்சன உரையும் உன் நாலாவது பாட்டும்

கிளேட்டன்,
14.10.2012

அன்பு மகள் நிவேதிகாவுக்கு,

இங்கே நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் முழங்காலை இதில் சேர்க்கவில்லை, அது யார் சொல்லும் கேட்பதில்லை. சிக்காகோவில் நீயும் நோய்நொடி இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குப் படுத்து எழும்ப வேண்டும் என்று கேரம் டவுன்ஸ் கோயிலில் வெள்ளிக்கு வெள்ளி உன் பெயரில் அர்ச்சனை நடக்கிறது. டெலிபோன் இருக்க அப்பா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். நேற்று உன் பாட்டு இறுவட்டின் வெளியீட்டு விழா நடந்தது. அதை டெலிபோனில் சொல்லப் போனால் நடுவில் நான் ரிசீவரை வைத்துவிடுவேன், நீயும் பயந்துபோவாய். வேறு யாரும் கைகால் வைத்துச் சொல்வதற்கு முன் நானே முழுவதையும் எழுதிவிடுகிறேன், பக்கத்து வீட்டு அருந்தவன் ஸ்கான் பண்ணி உனக்கு ஈமெயிலில் அனுப்புவான்.

உன் பார்சல் வந்தபோது, வேண்டியவர்களுக்கு ஆளுக்கொன்று கொடுங்கள் என்றுதான் நீ எழுதியிருந்தாய். ஆனால் எங்கள் ஆட்களுக்கு மண்டபம் எடுத்து, குத்துவிளக்கு ஏற்றி, வரவேற்புரை, வாழ்த்துரை, விமர்சன உரை எல்லாம் வைத்துப் பொன்னாடை போர்த்தினால்தான் இறுவட்டு வெளிவந்த மாதிரி. பாடியவள் கடல் கடந்து இருக்கிறாள் என்பதெல்லாம் ஒரு தடையா? நான் சொன்னபோது நீ சிரித்தாய். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அப்பா, செய்யிறதெண்டால் செய்யுங்கோ, ஆனால் அந்தப் பாட்டெல்லாம் ஆரோ ஒருத்தியின்ரை கதை எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ" என்றாய். நானும் ஓம் என்றேன். சொன்னபடி நடப்பேனா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. நீ லதீஸை விட்டு வந்து இரண்டு வருடமாகியும், மகள் இசை படிக்கப் போயிருக்கிறாள், மருமகனுக்கு இங்கே பரமட்டாவில் வேலை, விட்டுவிட்டுப் போக முடியவில்லை என்றுதான் அம்மா எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்று தலையாட்டுவேன்.

உன் பாட்டுகளைப் பற்றிச் சொல்கிறேன், கோபிக்காதே. பியானோவில் எட்டாம் கிரேட் வரை படிக்க வைத்த பிள்ளை இடது கையால் ஒரே சங்கதியைத் திருப்பித் திருப்பி வாசிக்கிறதே, மிச்சம் மறந்துபோனதோ என்று முதலில் நினைத்தேன். புளூஸ் சங்கீதம் என்றால் அப்படித்தான் என்று அருந்தவன் விளங்கப்படுத்தினான். இப்போது சிவப்பு விளக்கில் கார் நிற்கும்போது என் கால் தானாகத் தாளம் போடுகிறது. குரல் தடிமன் பிடித்த மாதிரி இருக்கிறது என்று அம்மா கொத்தமல்லி அவித்துக் குடிக்கச் சொன்னார். கோயிலுக்குப் போகும் வழியில் நாலாவது பாட்டு தொடங்கியதும் அவரே கையை நீட்டி நிற்பாட்டிவிட்டார். பிறகு ஒரு பின்னேரம் வீட்டில் ஆளைக் காணாமல் தேடினால், அம்மா கராஜில் நிற்கிற காருக்குள் மடியில் வெங்காயப் பையோடு இருந்து அதே பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அதற்குப் பிறகும் பல நாள் இரவுச் சமையல் பிந்தியது. காரணம் எனக்குத் தெரியும், தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

விமர்சன உரைக்குச் சிவபாதசுந்தரம் மாஸ்டரைக் கேட்டிருந்தேன். சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் உனக்குத் தமிழ் சொல்லித்தந்த அதே மாஸ்டர்தான். இறுவட்டுப் பெட்டிக்குள் இருந்த ஆங்கிலப் பாட்டுப் புத்தகத்தைக் கொண்டுபோய் அகராதி வைத்துப் படித்திருக்கிறார் மனிதர். போன கிழமை வீட்டுக்கு வந்து, நீங்கள் ஒன்றுக்கும் கவலைப்பட வேண்டாம், நான் வழி கண்டுபிடித்துவிட்டேன் என்றார். என்ன வழி தெரியுமா? பாட்டு முழுக்க நீ யாரை நீ, நீ என்று கூப்பிடுகிறாயோ அந்த ஆள் இறைவனாம். நீ அவனைப் பிரிந்து ஏங்கும் ஆன்மாவாம். நாயகி பாவம், எங்கள் பழைய அடியார்கள் பாடாததா என்றார். எங்கள் மானத்தைக் காப்பாற்றத்தான் அந்த நல்ல மனிதர் அவ்வளவு பாடுபட்டிருக்கிறார். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது, உன்னிடம் ஏன் மறைக்க வேண்டும். அம்மா மாஸ்டருக்கு இன்னொரு வடை வைத்தார்.

மண்டபம் நிறைந்துவிட்டது. லதீஸின் பெரியம்மாவும் வந்து இரண்டாம் வரிசையில் இருந்தார். மாஸ்டர் உரையைத் தொடங்கி முதல் மூன்று பாட்டையும் நேராகக் கோயிலுக்கே கொண்டுபோய்விட்டார். நீ வாசலில் விடிய விடியக் காத்திருந்தது இறைவனுக்காக. மேசையில் இருந்த விஸ்கிப் போத்தல் பேரின்பம். சனம் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டது, பவளம் அன்ரி கண்ணைத் துடைத்தார். அடுத்தது நாலாவது பாட்டு. குசினிச் சுவரில் அவன் கை போட்ட ஓட்டையைக் கலண்டரால் மறைத்தேன், மாதம் மாறியும் தாளைப் புரட்டவில்லை, புரட்டப் போனால் ஓட்டை தெரியும் என்று நீ எழுதியிருக்கிறாயே, அதற்கு மாஸ்டர், சுவர் என்பது உடம்பு, ஓட்டை என்பது ஆணவம், கலண்டர் என்பது காலம் என்று விளக்கம் சொல்லிக்கொண்டு போனார். எனக்குப் பக்கத்துக் கதிரை அசைந்தது. திரும்பிப் பார்த்தால் அம்மா எழும்பி நிற்கிறார். மைக் இல்லை, ஆனாலும் கடைசி வரிசை வரை கேட்டது. "மாஸ்டர், குறை நினைக்காதேங்கோ. அது ஆணவமும் இல்லை, கடவுளும் இல்லை. அது என்ரை மருமகன் கையாலை குத்தின ஓட்டை. அந்தக் கலண்டர் நான் கோயிலிலை வாங்கிக் குடுத்தது. என்னத்துக்குப் பிள்ளை அதை அங்கை மாட்டினவள் எண்டு இந்தப் பாட்டைக் கேட்டுத்தான் எனக்குத் தெரியும்."

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார், கையில் இருந்த தாள்களை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார், "அப்ப நான் இருக்கிறன், பிள்ளை சொல்ல வந்ததைப் பிள்ளையே சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கி வந்து முன் கதிரையில் இருந்தார். ஒலிபெருக்கி பார்த்த அருந்தவன் என் முகத்தைப் பார்த்தான், நான் போடு என்று கை காட்டினேன். உன் பாட்டு முடியும் வரை அம்மா கதிரையில் இருக்கவேயில்லை, அந்த முழங்காலோடு நின்றபடியே கேட்டார், நானும் எழும்பிப் பக்கத்தில் நின்றேன். எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை பிள்ளை. லதீஸின் பெரியம்மா பாதியில் எழும்பிப் போனார். முடிந்ததும் கை தட்டுவதா வேண்டாமா என்று சனத்துக்குத் தெரியவில்லை, பவளம் அன்ரிதான் முதலில் தட்டினார். சாப்பாட்டு வரிசையில் சிலர் எங்களைக் காணாத மாதிரி ரோல்ஸ் எடுத்துக்கொண்டு போனார்கள், போகட்டும். எனக்கு முன்பின் தெரியாத ஒரு இளம் பெண் வந்து ஒரு இறுவட்டு வாங்கினாள், வீட்டில் போட முடியாது அங்கிள், காரில் கேட்பேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளை நினைத்து நேற்று இரவு முழுக்க எனக்கு மனம் சரியில்லை.

வீட்டுக்கு வந்ததும் இதிலே நீ ஒரு வரி எழுது என்று அம்மாவிடம் பேனாவைக் கொடுத்தேன். நான் பேசியது போதும், இனி நீங்கள் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். இன்று காலையிலிருந்து டெலிபோன் அடித்தபடி இருக்கிறது. வழக்கமாக என்னை எடுக்க விட்டுவிட்டு ஒளிக்கிறவர், இன்று தானே எடுத்து, ஓம், உண்மைதான், பிள்ளை அவரை விட்டுப்போட்டுத்தான் போனவள் என்று ஒவ்வொருவருக்கும் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அங்கே குளிர் தொடங்கியிருக்கும், கையுறை போடாமல் வெளியே திரியாதே. வாசிக்கப் போகிற இடத்தில் தருவதை மட்டும் நம்பியிராமல் சோறு சமைத்துச் சாப்பிடு. அடுத்த இறுவட்டில் சந்தோஷமான பாட்டு ஒன்றாவது வரட்டும், வராவிட்டாலும் நாங்கள் கேட்போம். உன் பத்து விரலுக்கும் ஒரு குறையும் வராமல் பிள்ளையார் பார்த்துக்கொள்ளட்டும். டிசம்பர் பிளேன் ரிக்கெற்றைப் பிந்தாமல் போட்டுவிடு. யார் என்ன கேட்பார்கள், யாருக்கு என்ன மறுமொழி சொல்வது என்று பிளேனில் இருந்து யோசித்துக்கொண்டு வராதே. சொல்ல வேண்டியதை அம்மா சொல்லிவிட்டார். நீ சும்மா வந்தால் போதும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அப்பா,
சிறிதரன்