இரண்டாவது தந்தி

எம்.ரெட்டியபட்டி
20.11.1991

அன்பு மகள் பாண்டீஸ்வரிக்கு அம்மா எழுதுவது. பங்குனிப் பொங்கலுக்கு அப்பா வந்து இறங்கிய அன்று, தந்தி கொடுக்கச் சொன்னது நான்தான் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன், எங்கள் சுகத்தை இப்போது கேட்காதே. தாத்தா சாவுக்கு அப்பா ஏன் வந்து சேரவில்லை என்று கேட்டிருந்தாய். மெட்ராஸில் தனியாகப் படிக்கிற பிள்ளைக்கு எதற்கு என்று இருந்தேன், இனி மறைக்க முடியவில்லை.

அப்பா சோலாப்பூர் முறுக்குக் கம்பெனிக்குப் போய் அப்போது இரண்டரை வருஷம். பெண்டாட்டி வரச் சொல்கிறாள் என்றால் அங்கே லீவு கிடையாது, தாய் தகப்பன் சீரியஸ் என்று தந்தி போனால்தான் விடுவார்கள், இது நம் ஊருக்கே தெரியும். லைப்ரரியில் எடுத்து எத்தனையோ கதை படித்திருக்கிறேன், உங்களைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது என்று ஒரு கார்டில் எழுத எனக்குக் கை வரவில்லை. மொக்கையன் சித்தப்பாவை அருப்புக்கோட்டைக்கு அனுப்பி, தாத்தா சீரியஸ் என்று தந்தி கொடுக்கச் சொன்னேன். அப்பா வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தால் தாத்தா மரத்தடியில் ஆடுபுலி ஆடிக்கொண்டிருக்கிறார். "ஏலே, என்னைய எரிக்க வந்தியாக்கும், அதுக்கு நாளு கெடக்கு, ஒக்காரு" என்று சிரித்தார். வீட்டுக்குள் வந்ததும் அப்பா சித்தப்பாவின் சட்டையைப் பிடித்துவிட்டார். சித்தப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார், காட்டிக் கொடுக்கவில்லை. நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஐப்பசியில் தாத்தா நிஜமாகவே மூச்சு வாங்கிப் படுத்துவிட்டார். அதே வாசகத்தில் தந்தி போனது. "என்ன விஜயபாண்டி, ஒங்க அய்யா வருசத்துக்கு ரெண்டு தடவ சாவாராக்கும்" என்று கூட வேலை பார்ப்பவர்கள் கேலி பண்ணினார்களாம். அப்பாவும் சிரித்துவிட்டு, தீபாவளி லோடு ஏற்றி முடித்துத்தான் ரயிலேறியிருக்கிறார். மூத்த மகன் இருக்கச் சித்தப்பா கொள்ளி வைத்தார். அதற்கு ஐந்தாம் நாள் அப்பா பஸ்ஸை விட்டு இறங்கும்போது கையில் ஒரு சேலைப் பெட்டி. அது யாருக்கு என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நீ நாளைக்கு யாரையாவது வரச் சொல்ல வேண்டுமென்றால் உன் பெயரைப் போட்டே எழுது தாயி. மழைக்காலம், தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி. சித்தப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, மறந்துவிடாதே. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அம்மா,
சௌந்தரம்

பி.கு. கடிதத்தை ஒட்டாமல் வைத்திருந்தேன். நேற்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். "எனக்கு அப்பவே தெரியும் சௌந்தரம், ரெண்டாவது தந்தியும் நீ குடுக்கச் சொன்னதுன்னுதான் நெனச்சேன்" என்றார். இன்று காலைப் பஸ்ஸில் சோலாப்பூருக்குப் போய்விட்டார். சேலைப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.