உன் பெயர் முடிகிற தேதி

அன்பு மகள் யோகலட்சுமிக்கு அம்மா எழுதுவது. கோமதி அம்மன் புண்ணியத்தில் நாங்கள் இருக்கிறோம். நீ எந்த ஊரில் இருந்தாலும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும், விளக்கேற்றும்போது அது ஒன்றைத்தான் கேட்கிறேன். இந்தக் கடிதம் எப்படி வந்தது என்று திகைக்காதே, உன் விலாசத்தை யாரும் எனக்குத் தரவில்லை. நம் கடை வெப்சைட்டின் பெயர் யார் வசம் இருக்கிறது என்று பார்க்கிற பக்கம் ஒன்று இருக்கிறதே, அதில் உன் ஊர், போன் எல்லாவற்றையும் மறைத்து வைத்திருக்கிறார்கள், ஆனால் உரிமையாளருக்குச் செய்தி அனுப்ப என்று ஒரு கட்டம் உண்டு. அதில் எழுதினால் பெயரைப் பதிந்த கம்பெனி உன் மெயிலுக்குத் தள்ளிவிடுமாம், நீ இருக்கிற இடத்தை மட்டும் எனக்குச் சொல்லாதாம். பெற்ற மகளிடம் பேச எனக்கு அந்த ஒரு கட்டம்தான் மிச்சம், அதில்தான் போனில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

நீ வீட்டைவிட்டுப் போன மறு வருஷம் உன் அண்ணன் பாண்டியராஜன், வெப்சைட் வேலை பார்க்கிற வெள்ளத்துரையைக் கடைக்குக் கூட்டிவந்து, பெயரைத் தன் கணக்குக்கு மாற்றச் சொன்னான். நான் காப்பி கொண்டுபோன நேரம். வெள்ளத்துரை பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, கடை ஒங்க பேர்ல இருக்கலாம், இது தங்கச்சி பேர்லலா பதிஞ்சிருக்கு. அவுக பூட்டைத் தொறந்து கோட் நம்பர் தந்தாத்தான் மாத்த முடியும், இல்லன்னா தேதி முடிஞ்சு அவுகளா விடணும்" என்றான். உன் அண்ணன் முகம் சுண்டிப்போனது, எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். நீ பிறந்த வருஷம் உன் பெயரைப் போர்டில் எழுதிக் கடை திறந்தவர் உன் அப்பா. நீ ஆன்லைனில் சேலை விற்று அந்தக் கடையைத் தூக்கி நிறுத்திய பிறகு, "வேற வீட்டுக்குப் போறவளுக்குக் கடை எதுக்கு" என்று மகனுக்கு எழுதிவைத்தாரே, அவர் கண்ணிலும் படாமல் தப்பியது நீ பதிந்த இந்த வெப்சைட் பெயர் ஒன்றுதான். "அப்போ எம்பேரு மட்டும் ஒங்களுக்கு வேணுமாக்கும்" என்று கேட்டுவிட்டு நீ பையோடு படியிறங்கியது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

வெள்ளத்துரை வந்துபோன அன்றிலிருந்து அந்தப் பக்கத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். மேலே பெயர், கீழே அது முடிகிற தேதி. ஒவ்வொரு வைகாசியிலும், முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே, தேதி ஒரு வருஷம் தள்ளிப்போயிருக்கும். என் பிள்ளை எங்கேயோ நல்லபடியாக உட்கார்ந்து புதுப்பித்திருக்கிறாள் என்று அன்றைக்கு வயிறாரச் சாப்பிடுவேன். இத்தனை கோபத்திலும் நீ அந்தப் பெயரை வேறு பக்கம் திருப்பிவிடவில்லை, ஆர்டர் எல்லாம் இன்னும் நம் கடைக்குத்தான் வருகிறது, அதை உன் அண்ணன் ஒருநாள்கூட நினைத்துப் பார்த்ததில்லை. இந்த வருஷம் வைகாசி போய், ஆனி போய், ஆடித்தபசுக்குக் கொடியும் ஏற்றிவிட்டார்கள், தேதி நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஆடி முடிவதற்குள் அது முடிகிறது. முடிந்த பிறகும் கொஞ்ச நாள் தவணை உண்டாம், அதையும் விட்டால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாமாம். பெயர் விடுபட்டதும் பிடித்துவிட பாண்டியராஜன் இப்போதே ஏற்பாடு செய்துவிட்டுக் குஷியாகத் திரிகிறான். எனக்குச் சோறு இறங்கவில்லை மக்கா. உனக்கு உடம்பு சரியில்லையா, வேலை போய்விட்டதா, இல்லை எங்களை இத்தோடு தலைமுழுகிவிட்டாயா? தலைமுழுகியதாகவே இருக்கட்டும், அவள் சுகமாக இருந்தால் போதும் என்று அம்மனிடம் கேட்கிற நிலைமைக்கு வந்துவிட்டேன்.

அப்பாவைப் பற்றி நீ கேட்க மாட்டாய், நானே சொல்லுகிறேன். ரொம்ப மெலிந்துவிட்டார். வீட்டில் உன் பெயரை எடுப்பதே இல்லை, ஆனால் கடையில் போன் அடித்தால் "யோகலட்சுமி டெக்ஸ்" என்று சொல்லித்தானே ஆக வேண்டும், முன்னெல்லாம் படபடவென்று சொல்லுவார், இப்போது ஒரு மூச்சு நிறுத்திவிட்டுச் சொல்லுகிறார். போன வாரம் கடைக் கம்ப்யூட்டரில் நான் முதல் எழுத்தைத் தட்டியதுமே அந்தத் தேதிப் பக்கம் தானாக வந்து நின்றது. நான் என் போனில்தான் பார்ப்பேன், உன் அண்ணனுக்கு வெள்ளத்துரை பார்த்துச் சொல்லிவிடுவான். காலையில் கடை திறக்கிறவர் உன் அப்பாதான். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டதற்கு, "நூல் ரேட்டு பாத்தேன்" என்றார்.

நீ இருப்பது குளிர் ஊரா வெயில் ஊரா என்றுகூடத் தெரியாமல் புத்தி சொல்லுகிறேன். தலைக்கு எண்ணெய் வை, வெறும் வயிற்றில் வேலைக்குப் போகாதே. அண்ணன் கோட் நம்பர் கேட்டு எழுதினால் கொடுக்காதே. அவன் கைக்குப் போனாலும் தேதி வருஷா வருஷம் தள்ளிக்கொண்டுதான் போகும், ஆனால் அதைப் பார்த்து நீ இருக்கிறாய் என்று நான் எப்படித் தெரிந்துகொள்வேன்?

தீர்க்காயுசாக, மனம் நிறைந்து இரு என்று அம்மா வாழ்த்துகிறேன். பதில் எழுத மனசில்லை என்றால் எழுத வேண்டாம். ஒரே ஒரு வருஷத்துக்குப் புதுப்பித்துவிடு. மறந்துவிடாதே, கோலம் போட்டுவிட்டு வந்து தினமும் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா பூமாரி,
சங்கரன்கோவில்.