ஒரு விரல் ஈரம்

பெரியவளே,

நீ, மாப்பிள்ளை, குட்டி மூவரும் உடல்நலத்தோடு இருக்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். இங்கே நாங்கள் இருவரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். உன் அம்மாவின் முழங்கால் வலி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. போன தடவை நான் இப்படிச் சொன்னதற்கு, வலி உங்களுக்கா எனக்கா என்று கேட்டாள்.

தொலைபேசி இருக்கும்போது இந்த மனிதர் ஏன் தாள் வாங்கி எழுதுகிறார் என்று நீ நினைக்கலாம். நீ கூப்பிட்டால் அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டு, நடுவில் உட்கார்ந்துகொள்கிறாள். என்னைக் கேட்பதற்கும் அவளே பதில் சொல்லிவிடுகிறாள். எனக்கு 'ம்' கொட்ட மட்டும் இடம் கிடைக்கிறது. அவள் இல்லாவிட்டாலும் நான் பேச்சைப் பாதியில் விட்டுவிடுகிறவன்தான். தாளில் என்றால் அடித்துத் திருத்தி எழுதலாம்.

நீ கேட்டது ஒரே கேள்வி. மாப்பிள்ளை வேலையை விடுவதாக மாத முடிவுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும், கொடுத்துவிட்டால் கம்பெனி வீட்டையும் காலி செய்தாக வேண்டும், பிறகு திரும்பச் சேர்க்கமாட்டார்கள் என்றாய். கீழ் வயலை மாப்பிள்ளை எடுத்துச் செய்ய இந்த வசந்தத்தில் வரலாமா, அப்பா வா என்றால் வருகிறோம் என்றாய். என்னைக் கேட்டாயே என்று அன்று முழுக்கப் பெருமையாக இருந்தது. சாயங்காலத்துக்குள் அது பயமாக மாறிவிட்டது. பம்புசெட் மெக்கானிக் எனக்கு வைத்திருக்கும் பெயர் உனக்குத் தெரியும்தானே? 'ஒருவேளை ஐயா.' மழை வருமா என்று கேட்டால் ஒருவேளை வரலாம் என்பேன், வராதா என்றால் ஒருவேளை வராமலும் போகலாம் என்பேன். போன வாரம்கூட நடுத்தெருவில் நின்று, ஒருவேளை ஐயா, சாப்பாடு ஆச்சா, இல்ல அதுவும் ஒருவேளைதானா என்று கேட்டுச் சிரித்தான். அப்படிப்பட்டவனிடம்தான் நீ ஒரே சொல்லில் பதில் கேட்டிருக்கிறாய். என்னால் ஒரே சொல்லில் முடியாது. பார்த்ததைப் பார்த்த வரிசையில் எழுதுகிறேன். தவறாகப் பார்த்திருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் மலை. குளிர்காலம் முடியும்போது உச்சியில் பனி வெள்ளையாகத் தெரிய வேண்டும்; அது உருகித்தான் நம் வாய்க்காலுக்கு வரும். இந்த வருடம் மலை கல்லும் மண்ணுமாகவே நிற்கிறது. வாய்க்காலில் பக்கத்து வீட்டுக் கோழிகள் மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கின்றன.

அடுத்தது பின்பக்கத்துப் பேரிக்காய் மரம். வெயில் சீக்கிரமே வந்துவிட்டதால் அது ஏமாந்து, காலம் வருவதற்கு முன்பே பூத்துவிட்டது. மரம் முழுக்க வெள்ளை. அம்மா கன்னத்தில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள். ஆனால் ஒரு தேனீ கூட இல்லை. பிறகு திடீரென்று குளிர் திரும்பி, ஒரே இரவில் உறைபனி விழுந்து, பூவெல்லாம் தேயிலைச் சக்கை மாதிரி கறுத்துவிட்டது. கூட்டி அள்ளி ஓரமாகப் போட்டேன்.

கிணறு வீட்டுச் செலவுக்குத்தான் காணும். மோட்டார் போட்டால் சற்று நேரத்தில் காற்றை இழுத்துக்கொண்டு இருமுகிறது. மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். மோட்டாருக்கு ஒண்ணும் இல்ல ஐயா, அதுக்குக் குடிக்கத்தான் எதுவும் இல்ல என்று சொல்லிவிட்டுப் போனான்.

இதையெல்லாம் பார்த்தபோதே உனக்கு எழுதியிருக்கலாம். ஆனால் ஒரு மழை வந்தால் எல்லாம் மாறிவிடுமே, அவசரப்பட்டு உங்கள் மனதைக் கெடுக்க வேண்டாமே என்று தள்ளிப்போட்டேன். எனக்கும் ஆசை இருந்தது, அதை மறைக்கவில்லை. அம்மா அதற்குள் மேற்கு அறையிலிருந்த மூட்டைகளை எல்லாம் கூடத்துக்குத் தள்ளி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டாள். குட்டி பையை மாட்ட அவளுக்கு எட்டுகிற உயரத்தில் ஓர் ஆணி அடிக்கச் சொன்னாள். இந்த உயரமா, இன்னும் கீழேயா என்று நான் கேட்டுக்கொண்டே இருந்ததில் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அடித்தேன். கொஞ்சம் கோணலாகிவிட்டது.

அப்புறம்தான் அந்த மழை வந்தது. மத்தியானம் பிடித்து, விளக்கு வைப்பதற்குள் விட்டுவிட்டது. தெருவே வாசலில் நின்றது. இங்கே எல்லோருக்கும் ஒரு கணக்கு உண்டு, நீயும் சிறு வயதில் பார்த்திருப்பாய். மழைக்கு மறுநாள் வயலில் நடந்து வருவார்கள். செருப்பில் சேறு அப்பிக்கொண்டு வந்தால் விதைக்கலாம், ஒட்டாமல் உதிர்ந்தால் காத்திருக்க வேண்டும். மறுநாள் காலையில் அம்மாவின் செருப்பு, கழுவாமல், நான் பார்க்கும்படி வாசலில் கிடந்தது. இரண்டு அடியிலும் செங்கல் கனத்துக்குச் சேறு. பாத்தீங்களா என்று மட்டும் கேட்டாள்.

நான் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு கீழ் வயலுக்குப் போனேன். மழைக்குப் பிறகு மேட்டில், நடுவில், பள்ளத்தில் என்று குழி தோண்டி ஈரம் எதுவரை இறங்கியிருக்கிறது என்று விரல் விட்டுப் பார்ப்பது என் வழக்கம். டாக்டர் ஊசி போட வந்துட்டார், வயல் அழப்போகுது என்று வரப்பில் இருந்தவர்கள் கேலி செய்தார்கள். மூன்று இடத்திலும் ஈரம் ஒரு விரல் நீளம்தான். அதற்குக் கீழே அடுப்புச் சாம்பல் மாதிரி புழுதி. செருப்புக் கணக்கில் தப்பில்லை. குளிர்கால ஈரம் அடியில் இருந்த காலத்தில் மேலே பெய்வது அதோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். இந்த வருடம் அடியில் எதுவும் இல்லை. ஆனால் செருப்புக்கு மேல்மண் மட்டும்தானே தெரியும்?

விதைக்க வேண்டாம் என்று அப்போதே வீட்டுக்கு வந்து சொல்லியிருக்க வேண்டும். ஊரே விதைக்கும்போது நான் மட்டும் சரியாகப் பார்த்திருப்பேனா என்று சந்தேகம் வந்துவிட்டது. இன்னொரு மழை பின்னாலேயே வருகிறதென்றால் அம்மா சொல்வதுதான் சரி. கேட்டுவிடலாம் என்று பஸ் பிடித்து விவசாய ஆபீசுக்குப் போனேன். அங்கே சுவரில் மூன்று மாதத்துக்கான வானிலைத் தாள் ஒட்டியிருந்தது. மழை வழக்கத்தைவிட மிகக் குறைவு, வெயில் வழக்கத்தைவிட அதிகம், கோடை முடியும் வரை இப்படித்தான் என்று போட்டிருந்தது. மேசையில் இருந்த பையனிடம், மாற வாய்ப்பு உண்டா தம்பி என்று கேட்டேன். ஐயா, மேல இருந்து வர்றதை நாங்க ஒட்டறோம், வேற எதுவும் எங்க கையில இல்லை என்றான். நல்ல பையன். எனக்கு நாற்காலி போட்டு, தண்ணீரும் கொடுத்தான்.

நான் திரும்பி வருவதற்குள் அம்மா பக்கத்து வயல்காரியைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு கீழ் வயல் முழுக்க மக்காச்சோளம் ஊன்றிவிட்டாள். மாப்பிள்ளைக்கு என்று எடுத்து வைத்திருந்த விதை, எல்லாமே. பாதியையாவது வைத்திருக்கலாமே என்றேன். அவர் வந்து இறங்கும்போது வெறும் மண்ணையா காட்டுவீங்க என்றாள்.

காய்ந்த மண்ணில் கிடந்திருந்தால் விதை அடுத்த மழைக்குக் காத்திருந்திருக்கும். அந்த ஒரு விரல் ஈரம் அதை எழுப்பிவிட்டது. எல்லாம் முளைத்தது, பச்சைப்பசேல் என்று. அம்மா வயலின் கேட் அருகே நின்று படம் எடுத்து உனக்கு அனுப்பினாள். பாத்தியா, அப்பா பேச்சைக் கேட்காதே, பெட்டியைக் கட்டு என்று உன்னிடம் அவள் சொன்னபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். ம் என்றேன்.

அந்தப் படம் பொய்யில்லை. அன்று காலை அப்படித்தான் இருந்தது. மறுநாள் ஒரு நாற்றைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் கீழே இறங்கி, புழுதியைத் தொட்டதும், போக வழியில்லாமல் பக்கவாட்டில் வளைந்திருந்தது. இன்னொன்றையும் பிடுங்கினேன், அதுவும் அப்படித்தான். அதற்குப் பிறகு பிடுங்கவில்லை.

இப்போது வயலின் முக்கால்வாசி வைக்கோல் நிறமாகிவிட்டது. காற்றடித்தால் தாள் உரசுகிற சத்தம் வருகிறது. ஆனால் கேட் அருகே ஒரு பட்டை மட்டும் பச்சை மாறவில்லை. எனக்கு விளங்கவில்லை. அங்கே மண் வேறா, நிழலா, நான் குழி தோண்டிய இடம் தவறா என்றெல்லாம் யோசித்தேன். நேற்று விடியற்காலையில் காரணம் தெரிந்தது. பாத்திரம் கழுவிய தண்ணீர், துணி அலசிய தண்ணீர், குளித்த தண்ணீர் எல்லாவற்றையும் பிடித்து வைத்து, அம்மா குடத்தில் தூக்கிக்கொண்டு போகிறாள். கேட்டில் நின்று போனை நீட்டினால் படத்தில் விழுகிற இடத்துக்கு மட்டும் ஊற்றுகிறாள். அந்த முழங்காலோடு. ஊற்றி முடித்து, மற்ற வயலை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு வந்தாள்.

ஆகையால் அவளுக்குத் தெரியாது என்று நினைக்காதே.

என்னைக் கண்டதும் நின்றாள். பிறகு காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். இன்று காலை எழுந்து பார்த்தபோது இரண்டாவது குடத்தையும் நிரப்பி வைத்திருந்தாள். தூக்கிக்கொண்டு போய் ஊற்றிவிட்டு வந்தேன். நல்ல கனம். இன்னொரு படம் வரும். முதல் படத்தைவிடப் பச்சையாக இருக்கும். அதில் உன் அப்பாவின் பங்கும் உண்டு, அதையும் நம்பாதே.

வர வேண்டாம், மகளே. எழுதிக் கொடுக்காதீர்கள்.

இதை எழுதும்போது உங்கள் அறை என் கண்ணில் தெரியாமல் இல்லை. ஜன்னல் இல்லாத ஒரே அறை, குட்டிக்கு ஓடியாட நடைவழி மட்டும், குளிர்கிடங்கில் நின்று நின்று மாப்பிள்ளைக்கு விடாத இருமல். நம் ஊரில் காற்றாவது உண்டு என்று நீ சொன்னாய். இப்போது அது புழுதிக் காற்று. ஒருவேளை நான் தவறாகப் பார்த்து, அடுத்த வாரமே மழை கொட்டினால், நீ என்னை வாழ்நாள் முழுக்கத் திட்டு. நானே உன்னைக் கூப்பிட்டு, திட்டு என்று சொல்வேன். அப்படி நடந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

ஓர் உதவி. நான் எழுதியதாக அம்மாவிடம் சொல்லாதே. மாப்பிள்ளையின் மேலாளர் விடமாட்டேன் என்கிறார் என்று சொல். அவரை அவள் நன்றாகத் திட்டுவாள், திட்டட்டும். முகம் தெரியாத ஒருவரைத் திட்டுவது அவளுக்கும் லேசு. உன்மேல் கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தாலும் நீ விடாமல் கூப்பிடு. உங்கள் ஊரில் மழை பெய்கிற நேரமாக இருந்தால் போனை வெளியே நீட்டிப் பிடி. அந்தச் சத்தத்துக்கு அவள் பேசுவாள்.

மாப்பிள்ளையைக் காதுக்குத் துணி கட்டிக்கொண்டு கிடங்குக்குள் போகச் சொல். குட்டியை அதட்டாதே. எங்களைப் பற்றி யோசிக்காதே, எங்களுக்கு ஆகிறது ஆகட்டும். நீங்கள் இருக்கிற இடத்திலேயே நன்றாக இருங்கள். இதற்கு மேலும், நீ கேட்ட அந்த ஒரே சொல்லில், ஓர் ஆசீர்வாதம் என்னிடம் உண்டு. அதை இந்த வருடம் எழுத முடியவில்லை.

உன்
அப்பா