மேட்டில் நழுவிய பழைய கார்

அந்தோணிமேரிக்கு, நீயும் உன் முட்டிவலியும் நலந்தானே?

லாரிக்காரனென்று பீற்றிக்கொண்ட உன் புருஷனுக்கு, இந்த அரபு நாட்டு முதலாளியின் பழைய ஆட்டோமேட்டிக் காரில் கியர் ஆயில் பார்க்கத் தெரியவில்லை. இன்ஜினை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். நிறைய இருப்பதாகக் காட்டியது. நேற்று மலைமேட்டில் இன்ஜின் மட்டும் கத்துகிறது, கியர் பிடிக்காமல் வண்டி பள்ளத்தைப் பார்த்துப் பின்னால் உருளுகிறது. பின்சீட்டில் முதலாளியின் தாயார். நான் மாதாவைக் கூப்பிட, அவர் அல்லாவைக் கூப்பிட, பிரேக் பிடித்தது.

“இன்ஜின் ஓடும்போது பாக்கணும்ணே, இது ஒங்க லாரி இல்ல” என்றான் இங்கே ஒர்க்‌ஷாப்பில் இருக்கும் நம் அறந்தாங்கிக்காரன், மெக்கானிக் நாகராசு. அப்படிப் பார்த்தால் அளவுக் குச்சியின் நுனியில்தான் ஆயில், அதுவும் கருகிய வாடை. புது ஆயில் ஊற்றியிருக்கிறான். தாங்குமா என்றால் தலையைச் சொறிகிறான். நாளையும் அதே மலைதான்.

போனில் பேசினால் குரல் நடுங்கும். லீவில் ஊருக்கு வந்து திரும்பும் நாகராசிடம் உன் பழைய சேலை ஒன்று கொடுத்துவிடு, ஆயில் துடைக்கத்தான்.

முதலாளி கூப்பிடுகிறார்.

லூர்துநாதன்

இன்று காலை பயத்தில் ரிவர்ஸ் போட்டுவிட்டேன். முதலாளியின் கோழிக்கூடு சாய்ந்தது. நாலில் மூன்று கோழிகளைப் பிடித்தாயிற்று.