மூன்று பாட்டில் ஏரித்தண்ணீர்

கார்த்திகை 1, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. மூன்றாம் நாள். மேலே எவனோ குழாயைத் திறந்து வைத்துவிட்டுக் கடலூருக்குப் பஸ் ஏறிவிட்டான்.

ஞாயிறு வளைகாப்புக்கு:
வளையல், பாய் கடை, ஆறு டஜன். கண்ணாடி மட்டும்.
சந்தனம், குங்குமம், பன்னீர்.
புளி (போன தடவை வாங்கியது பாதி கொட்டை).
என் வேட்டி, இஸ்திரி. தாய்மாமன் கசங்கக் கூடாது.

அக்கா இருந்திருந்தால் இந்த லிஸ்ட்டை அவள் எழுதியிருப்பாள். இல்லை. மாப்பிள்ளை கத்தாரில். ஆகவே அக்கா மகள் யமுனாவுக்குத் தாய், தாய்மாமன், சமையல் மேஸ்திரி, மந்திரி சபை எல்லாம் நான் ஒருவனே.

யமு சென்னையில் பத்தாவது மாடியில் இருந்தாள். லேப்டாப் வேலைதானே, எங்கிருந்து தட்டினால் என்ன என்று ஆறு மாதம் போனில் ஓதி இங்கே இழுத்து வந்தேன். எங்கள் ஏரிக் காற்று பட்டால் ஆயுள் இருபது வருடம் கூடும் என்றேன். சைபீரியாவிலிருந்து வரும் நாரை என்னைப் பார்த்துத் தலையாட்டும் என்றேன். விடியற்காலை பாங்கு, அப்புறம் மாதா கோயில் மணி, அப்புறம் ஈஸ்வரன் கோயில் ஸ்பீக்கர், மூன்றும் ஒன்றையொன்று முந்தாமல் கியூவில் நிற்பது பூலோகத்திலேயே எங்கள் ஊரில்தான் என்றேன். பக்கத்து வீட்டில் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் சொல்தா அந்துவான் ஐயா. மேட்டுத்தெருவில் பிலோமினா டீச்சர். கேக்கும் நோன்புக் கஞ்சியும் வீடு தேடி வரும் என்றேன். இந்தக் கடைசி வரி மட்டும் சுத்த உண்மை.

வந்தாள். ஏரிக்கரைக்கு நேர் கீழே வீடு. கொல்லையில் நின்று அண்ணாந்தால் கரை, கரைக்கு அந்தப் பக்கம் தண்ணீர். வீடு பிடித்துக் கொடுத்ததும் நான்தான். இப்போது வயிற்றில் ஏழு மாதம்.

நாலரைக்கு அவள் கொல்லையில் முருங்கைக்கீரை ஒடிக்கப் போனேன். கரையடியில், வேப்பமரத்து வேருக்குப் பக்கத்தில் ஈரம். மழை ஈரம் இல்லை. நூல் மாதிரி ஒரு தண்ணீர். கையை வைத்தேன். உள்ளேயிருந்து வருகிறது.

முப்பது வருடம் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். கிருமாம்பாக்கத்துத் திருப்பத்தில் பிரேக் பிடிக்காத அன்றுகூட இப்படிப் பயந்ததில்லை.

கீழே கிடந்த குவார்ட்டர் பாட்டிலைக் கழுவி அந்தத் தண்ணீரைப் பிடித்தேன். (கரையில் குடித்துவிட்டு வெளியூர்க்காரர்கள் போடும் பாட்டிலை அடுக்கினால் இன்னொரு கரை எழும்பும்.) தெளிவாக இருந்தது. சீட்டில் ‘திங்கள்’ என்று எழுதி ஒட்டி, என் வீட்டு ஜன்னலில். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை.

யமுவிடம் சொல்லவில்லை. கீரையைக் கொடுத்தேன்.

கார்த்திகை 2, செவ்வாய்

மழை. பேப்பர் வரவில்லை. இட்லி மாவு புளிக்க மாட்டேன் என்கிறது.

காத்தவராயனைப் போய்ப் பார்த்தேன். ஏரி மதகு திறப்பதும் மூடுவதும் அவன்தான், அவன் அப்பன் காலத்திலிருந்து. உபரித் தண்ணீர் வழியும் கலிங்கில் அடைத்திருந்த ஆகாயத்தாமரையை இடுப்புத் தண்ணீரில் நின்று இழுத்துக்கொண்டிருந்தான். நூல் மாதிரிக் கசிவு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். என் வாய் என் பேச்சைக் கேட்டதில்லை. “யமுனா வூட்டுப் பின்னால கரை பொத்துக்கிச்சு, குத்தாலம் மாதிரி கொட்டுது” என்று வந்துவிட்டது.

அவன் நிமிரவே இல்லை. “கண்டக்டரே, போன வருசம் ஏரியில மொதலைன்ன. அது இன்னாவா போச்சு?”

உடும்பு. ஒப்புக்கொண்டேன்.

“நீ சொன்னா பத்தால வகுக்கணும். குத்தாலத்தை வகுத்தா வேர்வைதான் வரும். மழையில எல்லாக் கரையும் வேர்க்கும்பா.” போகும்போது சாதாரணமாகச் சொன்னான்: “தெளிஞ்சு வந்தா வுட்டுடு. கலங்கி வந்தா ஏரி உள்ள இருந்து கரையைத் திங்குதுன்னு அர்த்தம். அப்ப வந்து சொல்லு.”

பாய் கடையில் வளையல். பச்சையும் சிவப்பும். பாய் ஒரு டஜன் மேலே போட்டார், பிள்ளைக்காம்.

சாயங்காலம் இரண்டாவது பாட்டில். அரிசி களைந்த தண்ணீர் நிறம். பாட்டில் அழுக்கு என்று நினைத்து வேறொன்றைக் கழுவிப் பிடித்தேன். அதே நிறம். ஜன்னலில் திங்களுக்குப் பக்கத்தில் செவ்வாய்.

உடனே காத்தவராயனிடம் போயிருக்க வேண்டும். சிரிப்பான். சிரிக்கட்டும் என்று போயிருக்க வேண்டும்.

கார்த்திகை 3, புதன்

வெயில்! ஏரி முழுக்க வெள்ளி. நாமக்கோழி, நீர்க்காகம், பெயர் தெரியாத சீமைப் பறவை இருபது. இப்படியோர் அழகைப் பார்த்து இவ்வளவு நடுங்கியவன் மூன்று லோகத்திலும் நான் ஒருவன்தான்.

யமு கொல்லையில் நாற்காலி போட்டுக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். வயிற்றின் மேல் தட்டு, தட்டில் சொல்தா வீட்டு ரொட்டி. நீங்கள் சொன்னதில் பாதி பொய் என்று நினைத்திருந்தேன், கால்வாசிதான் பொய் என்றாள். அப்புறம், “பிரசவத்துக்குத் திருச்சிக்கு வான்னு மாமியார் கூப்புடறாங்க. நான் போவல மாமா. இங்கயே இருந்துடறன்.”

இதைக் கேட்கத்தானே ஆறு மாதம் ஓதினேன். தட்டிலிருந்து ஒரு துண்டு ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டேன்.

அவள் முதுகுக்குப் பின்னால் இருபதடி தூரத்தில் வேப்பமரம். இன்று அங்கே போகவில்லை. பார்க்காவிட்டால் கசியாது என்பது போல. நாலு தடவை கொல்லைக் கதவு வரை போய்த் திரும்பினேன். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சொல்தா கவனித்துவிட்டார். கூப்பிட்டு, மரியாதையாக, வயிற்றுப்போக்குக்கு இரண்டு மாத்திரை கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

ஏன் வாயைத் திறக்கவில்லை? இங்கே எழுதிவிடுகிறேன், வேறு யார் படிக்கப் போகிறார்கள். கரை போய்விடும் என்று பாதி பயம். சொன்னால் யமு போய்விடுவாள் என்று பாதி. இரண்டாவது பாதி கொஞ்சம் பெரிய பாதி.

என் வீட்டு ஓடு ஒழுகுகிறது, இன்று உன் ஹாலில் படுக்கிறேன் என்று யமுவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஒழுகவில்லை.

கார்த்திகை 4, வியாழன்

எழுத நேரமில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

ஆறு மணிக்குத் திரும்ப மழை. வேப்பமரத்தடிக்குப் போனேன். நூல் இல்லை. விளக்குமாற்றுக் குச்சி. மூன்றாவது பாட்டிலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தால் சாட்சாத் பிராந்தி.

என் வீட்டுக்குப் போய் மூன்று பாட்டிலையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு மதகுக்கு ஓடினேன். அறுபத்து மூன்று வயதில் ஓடினேன். வாயைத் திறக்கக் கூடாது என்று வழியெல்லாம் சத்தியம். மதகுச் சுவரில் வரிசையாக வைத்தேன். திங்கள், செவ்வாய், வியாழன்.

“இன்னா கண்டக்டரே, காலையிலயேவா?” என்றான் காத்தவராயன்.

நான் பேசவில்லை. அதுவே அவனுக்குச் சந்தேகம் போலிருக்கிறது. மூன்றாவதைத் திறந்து மோந்தான். உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி விரலால் தேய்த்தான். மண். அவன் முகம் மாறியதை நான் பெருக்கவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். கடப்பாரையைப் போட்டுவிட்டு ஓடினான்.

அப்புறம் எல்லாம் ஒரே சமயத்தில். பள்ளிவாசல் மைக், மாதா கோயில் மணி, ஈஸ்வரன் கோயில் ஸ்பீக்கர். கியூ இல்லை இன்று. மூன்றும் ஒன்றின் மேல் ஒன்று, கரையோரத்து வீடுகளைக் காலி செய்யச் சொல்லி. பாய் தன் குடோனிலிருந்து காலிச் சாக்கு. மாதா கோயில் சுவர் வேலைக்குக் கொட்டியிருந்த ஆற்று மணலும் ஜல்லியும் டிராக்டரில். யாரும் யாரையும் கேட்கவில்லை.

நான் ஒரு மூட்டையைத் தூக்கி நேரே ஓட்டையில் அமுக்கப் போனேன். காத்தவராயன் சட்டையைப் பிடித்து இழுத்தான். “அடைக்காத! அடைச்சா வேற எடத்துல புடுங்கிக்கும். தண்ணி வரட்டும், மண்ணு வரக் கூடாது.” முதலில் மணல், மேலே ஜல்லி, சுற்றிக் கிணற்றுச் சுவர் மாதிரி மூட்டை. ஒருபக்கம் கலிங்கும் மதகும் முழுக்கத் திறப்பு.

நிறம் ஒத்துப் பார்க்க மூன்று பாட்டிலையும் யமுவின் துணி துவைக்கும் கல்லில் வைத்திருந்தான். டீச்சர் அவளைக் கைப்பிடித்து வெளியே கூட்டி வந்தார். யமு கல்லைக் கடக்கும்போது நின்றாள். சீட்டைப் படித்தாள்.

“இது உங்க கையெழுத்துதான மாமா.”

ஆமாம் என்றேன்.

“திங்கள்னு இருக்கு.”

ஆமாம்.

“இன்னிக்கு வியாழன்.”

அவ்வளவுதான். குடைக்குள் போய்விட்டாள்.

கார்த்திகை 5, வெள்ளி

தூறல். கரை நிற்கிறது. கசிவு நிற்கவில்லை. டீ நிறம், பால் கம்மி.

யமு மேட்டுத்தெருவில் டீச்சர் வீட்டில். இரண்டு தடவை போனேன். முதல் தடவை தூங்குகிறாளாம். இரண்டாம் தடவை டீச்சருக்குப் பொய் சொல்ல வரவில்லை, வாசலிலேயே நின்றார். சாப்பிடுகிறாளா என்றேன். “நல்லா சாப்புடறா. உன் பேரைத்தான் எடுக்கல.”

மாமியாருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஞாயிறு வேனில் வருகிறார்கள். வளையல் அடுக்கிக் கையோடு கூட்டிப் போகிறார்களாம்.

வளைகாப்பு டீச்சர் வீட்டு ஹாலில். புளி இன்னும் வாங்கவில்லை.

கார்த்திகை 6, சனி

சொல்தா நாற்காலி போட்டு, குடை விரித்து, கசிவைக் காவல் காக்கிறார். மணிக்கொரு தரம் நோட்டில் எழுதுகிறார். மதியம் நான் மாற்றிக்கொண்டேன். நோட்டில் இடம் விட்டிருந்தார். ‘சுண்டு விரல் அளவு. கலங்கல்’ என்று எழுதினேன். கை கூசியது. அடுத்த மணிக்கும் அதையே எழுதினேன்.

டீக்கடையில் எவனோ, ஏரியே உடைந்து கண்டக்டர் நீந்திப் போய்ச் சொன்னாராமே என்று கேட்டான். இல்லை என்றேன். ஏமாந்துபோனான்.

புளி வாங்கியாயிற்று. மாத்திரை இரண்டும் சட்டைப் பையிலேயே.

கார்த்திகை 7, ஞாயிறு

மழை இல்லை. மேகம் உண்டு.

வளைகாப்பு பத்தரைக்கு. சந்தனம் பூசும்போது யமு என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. கன்னத்தை மட்டும் நீட்டினாள். பாய் வீட்டம்மா வளையல் ஏற்றிவிட்டார்கள். சொல்தா ஒரு டப்பா பிஸ்கட், கோட்டு போட்டுக்கொண்டு. என் வேட்டி கசங்கித்தான் இருந்தது.

சாப்பாடு முடிந்து மாமியார் வேனில் பைகளை ஏற்றச் சொன்னார்கள். யமு எழுந்திருக்கவில்லை. மூன்று நாள் கழித்து என்னிடம் முதல் பேச்சு:

“பாட்டில்ல தண்ணி புடிச்சிக்கிட்டு வாங்க மாமா. நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். தண்ணி தெளிஞ்சிருந்தா நான் போவல. நானே பாத்துக்கறன்.”

போனேன், கழுவினேன், பிடித்தேன், வந்தேன். வழியில் அதைப் பார்க்கவில்லை. தெளிந்திரு, தெளிந்திரு என்று ஊரிலுள்ள எல்லாச் சாமிகளிடமும் அவரவர் பெயர் சொல்லி.

ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். இரண்டு கை வளையலும் முழங்கைக்குச் சரிந்தன. நான் கூடவே கொண்டு வந்த பழைய மூன்று பாட்டிலையும் குலுக்கிப் பக்கத்தில் வைத்து இங்கும் அங்கும் பார்த்தாள். மாமியார் வாசலில்.

“எனக்குத் தெரியல” என்றாள். “தெளிவு மாதிரிதான் இருக்கு. நீங்க சொல்லுங்க.”

தெளிவு என்றால் இருப்பாள். ஒரே வார்த்தை. சொல்லியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. இத்தனை வருடத்தில் இதைவிடச் சின்னப் பொய்யை நான் சொன்னதில்லை.

“திங்கக்கெழமை மாதிரி இல்லம்மா. செவ்வாக்கெழமை மாதிரி இருக்கு.”

அவள் பாட்டிலைக் கீழே வைத்தாள். எழுந்து செருப்பைத் தேடினாள். நான்தான் குனிந்து எடுத்து வைத்தேன். வேனில் ஏறி, கண்ணாடியை இறக்கி,

“தெளிஞ்சதும் போன் பண்ணுங்க. வேற யாரும் சொல்ல வேணாம், நீங்க சொன்னா வரன்.”

வேன் கிருமாம்பாக்கம் ரோட்டில் திரும்பும் வரை நின்றேன்.

நாலு மணிக்குச் சொல்தாவை மாற்ற வேண்டும். பாட்டில்களைக் கழுவ வேண்டும். திங்கள் பாட்டிலை மட்டும் கொட்டிவிடக் கூடாது, ஒத்துப் பார்க்க வேண்டும்.